இருபத்தொரு வயது வரை

— அப்படியே நில்லு வருண், நல்லா பாத்துக்கறேன். பன்னெண்டு வயசுல ஏர்போர்ட்ல விட்டப்ப என் தோளுக்குத்தான் இருந்தே. போன்ல பேசறப்ப உசரம் தெரியறதே இல்ல கண்ணு.

— ஒம்பது வருஷம் ஆச்சேம்மா. துபாய்ல இந்தக் கராமா ஏரியா மட்டும் அப்படியேதான் இருக்கு. நம்ம படிக்கட்டுல அதே சாம்பார் வாசம்.

— நாளைக்குக் கடைக்குப் போலாம். உனக்கு இருபத்தொண்ணு ஆகற வரைக்கும்தான் கடைக்கும் உனக்கும் நாங்க மூணு பேரும் பொறுப்புன்னு உங்கப்பா உயில்ல எழுதி வெச்சுட்டுப் போனார். உன் சித்தப்பா, மேனேஜர் சேதுராமன், நான். மூணுல ரெண்டு பேர் சேர்ந்தா எதுவும் பண்ணலாம். இனி எல்லாம் உன் கையில.

— காலேஜ்ல சீன வரலாறு ஒரு பேப்பர் இருந்துச்சும்மா. ராஜா செத்துட்டா சின்னப் பையனைப் பட்டத்துல உக்கார வெப்பாங்க. அவன் பேர்ல ஆளறதுக்கு சித்தப்பனும் மந்திரியும் அடிச்சுக்குவாங்க. அம்மா திரைக்குப் பின்னாடி உக்காந்து உத்தரவு போடுவாங்க.

— அந்தப் பையன்?

— அவனைப் பத்தி ரெண்டு வரிதான். அதோட புத்தகத்தை மூடிட்டேன்.

— உன்னை ஊட்டி ஹாஸ்டல்ல போடணும்னு உன் சித்தப்பா சொன்னப்ப நான் முடியாதுன்னேன் கண்ணு. சேதுராமன் அவர் பக்கம் சாஞ்சுட்டார். நான் ஒத்தை ஆளாயிட்டேன்.

— ஒரே ஒரு தடவை வந்தீங்க.

— எங்கப்பா தவறினப்ப. உன்கூட ஒரு மணி நேரம் இருந்துட்டுத் திரும்பி வந்தா, அதுக்குள்ள ரெண்டு பேரும் அஜ்மான்ல இருந்த நம்ம இன்னொரு கடையை வித்துட்டாங்க. அன்னையிலருந்து இந்த ஊரை விட்டு நகரலை. சேதுராமனைக் கொஞ்சம் கொஞ்சமா என் பக்கம் கொண்டு வந்தேன். அப்புறம் ஒரு நாள் உன் சித்தப்பாகிட்ட கலாஸ், எல்லாம் முடிஞ்சுதுன்னு சொல்லி, பொறுப்புலருந்து எடுத்து ஊருக்கு அனுப்பிட்டோம்.

— ஞாயித்துக்கிழமையானா ஹாஸ்டலுக்கு அம்மாக்கள் வருவாங்க. அவங்க டிபன் பாக்ஸைத் தொறக்கறப்ப நான் கிரவுண்டுக்குப் போயிடுவேன்.

— சொல்லாத கண்ணு. உன்னோட பழைய யூனிஃபார்ம் சட்டை இன்னும் என் தலகாணிக்குக் கீழதான் இருக்கு.

— சித்தப்பாவை அனுப்பி எத்தனை வருஷம் ஆச்சு?

— நாலு.

— அப்ப எனக்குப் பதினேழு. ப்ளஸ் டூவை அங்க வந்து படிக்கறேன்னு உங்ககிட்ட கேட்டேன். சித்தப்பா விடமாட்டேங்கறார்னு சொன்னீங்க.

— ஆமா.

— அவர்தான் பொறுப்புலயே இல்லையேம்மா. வேற யாரு வேண்டாம்னது? சேதுராமன் அங்கிளா?

— அவர் உனக்கு விசா எடுத்துரலாம்னுதான் சொன்னார்.

— அப்புறம்?

— உன்னைப் பாக்கணும்னு அழாத நாளில்ல. ஆனா நீ வந்து நின்னா, கடையில அப்புறம் என்னை யாரு கேப்பாங்கன்னு தோணிருச்சு. நான்தான் கண்ணு வேண்டாம்னேன்.