எட்டு போடுறதுக்கு முன்னாடி

இல்ல சார், போகமாட்டேன். அடுத்த மாசம் வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு வாங்கன்னா என்ன அர்த்தம்? லைசென்ஸுக்கு எட்டு போடப்போறது நான். அவரு வந்து ஓரமா நின்னு கை தட்டணுமா? மழை விட்டாச்சு, தரை காயட்டும்னு எல்லாரையும் நிறுத்தி வச்சிருக்கீங்க. அதோ அந்தப் பசங்க எல்லாம் நிக்கிறாங்கல்ல, நானும் இருக்கேன். இந்த நாற்காலி சும்மாதானே கிடக்கு. உக்காந்துக்கறேன்.

அந்தப் பழைய ஆஸ்பத்திரிக் காகிதம்தானே உங்களுக்குக் குத்துது. வாசிச்சே காட்டிட்டீங்க. வலது மணிக்கட்டு முறிவு, மோட்டார் சைக்கிளை மெதுவாத் திருப்பும்போது விழுந்ததால. ஏழு வருஷம் ஆச்சு சார். கை நல்லாருக்குன்னு போன வாரம் டாக்டர் எழுதிக் குடுத்தது மேல இருக்கு. அவரு பழைய சீட்டையும் சேர்த்துப் பின் அடிச்சுட்டாரு, நீங்க மேல இருக்கிறதை விட்டுட்டு அடியில இருக்கிறதைப் பிடிச்சுக்கிட்டீங்க.

சரி, நீங்க சொல்றதும் நியாயம்தான். ஒரு தடவை திருப்பத்துல விழுந்தவங்களுக்கு அந்தப் பயம் உடம்புல உக்காந்துடும், ரோட்டுல நடுவுல கால் ஊனி நிப்பாங்க, பின்னாடி வர்றவனுக்கு ஆபத்து. ஒத்துக்கறேன். ஆனா எனக்கு அந்தப் பயம் இருக்கான்னு எட்டு போடவிட்டுப் பாக்கணுமா, காகிதத்தைப் பாக்கணுமா?

நான் யூனிஃபார்ம் தைக்கிற இடத்துல வேலை பாக்கறேன் சார். காலர் தைக்கிறது என் மிஷின். இருபத்தாறு வருஷம். அதனால எனக்கு வந்த தொல்லை வேற யாருக்கும் வந்திருக்காது. எங்க மிஷின்ல வலது காலை அழுத்தினா ஓடும், காலை எடுத்தா நிக்கும். வண்டியில வலது காலை அழுத்தினாத்தான் நிக்கும். புத்திக்குத் தெரியுது, காலுக்குத் தெரியணுமே. வண்டி கையை விட்டுப் போகுதுன்னு பதறினேன்னா டக்குனு காலை எடுத்துடுவேன். அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும். முதல் நாளே நேரா குப்பைத் தொட்டி. நான் ஒரு பக்கம், தொட்டி ஒரு பக்கம், வண்டி எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல.

வண்டி என்னுது இல்ல, கத்தரியோடது. கட்டிங் மேஜையில இருக்கிறவ. துணியை விட வாய் நல்லா வெட்டும், அதனால அந்தப் பேரு. என்னை விடப் பதினெட்டு வயசு சின்னவ. அவதான் கத்துக் குடுத்தா. ஞாயித்துக்கிழமை காலையில கம்பெனி பின்பக்கம் லாரி திரும்பற இடம் காலியா இருக்கும். நூல் தீர்ந்துபோன கோன் மூட்டை மூட்டையா கிடக்கும்ல, அதை வரிசையா வச்சு, என் சாக்கட்டியால தரையில எட்டு வரைஞ்சா. காத்து அடிச்சா கோன் பறந்துடும். உள்ள கல்லு போட்டு வச்சோம்.

ரெண்டாவது தொல்லை கண்ணு. நான் ஊசி முனையைப் பாத்துப் பாத்தே பொழைச்சவ. வண்டியில உக்காந்தாலும் முன்சக்கரத்தையே பாப்பேன். கத்தரி கத்துவா, அக்கா, சக்கரம் எங்கயும் ஓடிப்போயிடாது, அதை விடுங்க, போகவேண்டிய இடத்தைப் பாருங்க. கோனைப் பாத்தீங்கன்னா கோன் மேலதான் ஏறுவீங்கன்னு. அவ சொன்ன மாதிரியே ஏறுவேன். எத்தனை கோன் நசுங்குச்சுன்னு கேக்காதீங்க.

எங்க சூப்பர்வைசர் ஒருத்தர் இருக்காரு, ஆளு சின்னது, பட்டன்னு கூப்பிடுவோம். ஞாயித்துக்கிழமை அவருக்கு என்ன வேலையோ, மாடிப்படியில டீ கிளாஸோட வந்து நிப்பாரு. என்னம்மா, எட்டு போடச் சொன்னா ஏழரை போடறீங்கம்பாரு. நீங்க குறுக்க வராத வரைக்கும் எட்டுத்தான் சார்னு சொல்லிட்டு நான் பாட்டுக்குச் சுத்துவேன். இந்த வயசுல இது தேவையாம்மா, வீட்டுக்காரரு ஒண்ணும் சொல்லலையாம்பாரு. வீட்டுக்காரரை விட்டு வந்து ரெண்டு வருஷம் ஆச்சுன்னு கத்தரிதான் பதில் சொன்னா. டீ முடிஞ்சு போச்சு, மனுஷன் உள்ள போயிட்டாரு.

ஆமா சார், அதைத்தான் சொல்றேன். ரெண்டு வருஷம். அப்புறம் எங்க போய் அவரைக் கூட்டிக்கிட்டு வர்றது?

இருங்க, முடிச்சுடறேன். திருப்பம் எனக்கு எப்படிப் பிடிபட்டுச்சுன்னு கேளுங்க. காலர் முனையிலதான் பிடிபட்டுச்சு. முனைக்கு வந்ததும் புதுசா தைக்கிறவ காலை எடுத்துடுவா, இல்ல பயந்து ஒரே அழுத்தா அழுத்துவா. ரெண்டுலயும் முனை கெட்டுப்போகும். கால் மேலயும் இல்லாம கீழயும் இல்லாம, மிஷின் ஒவ்வொரு தையலா யோசிச்சு யோசிச்சுப் போடணும். வண்டியும் அதேதான். கிளட்ச்சைப் பாதி விட்டுப் பாதி பிடிச்சு, பின் பிரேக்கை லேசா தொட்டுக்கிட்டே, இன்ஜினை இழுக்க விடணும். அது இழுக்குது, நீங்க வேண்டாம்கறீங்க. அந்த இழுபறியிலதான் வண்டி நிமிர்ந்து நிக்குது. இது புரிஞ்ச அன்னிக்கு பதினோரு எட்டு போட்டேன், கால் தரையில படல. கத்தரி கோனை எல்லாம் பொறுக்கி மூட்டையில போட ஆரம்பிச்சுட்டா.

விழாம இல்ல சார், பதினாலு தடவை விழுந்தேன். எல்லாம் எனக்கு அத்துப்படி. மூணாவது, கோனைப் பாத்ததால. ஒம்போதாவது, ஹேண்டில் திரும்பியிருக்கிறப்ப முன் பிரேக்கைப் பிடிச்சேன், வண்டி அப்படியே படுத்துடுச்சு, முட்டியில இன்னும் தழும்பு இருக்கு. பதிமூணாவது பட்டன் சிரிச்சதால. ஒவ்வொண்ணுலயும் எந்தப் பக்கம் விழுந்தேன், முதல்ல எது தரையில பட்டுது, கேளுங்க, சொல்றேன்.

காகிதத்துல இருக்கிற அந்த விழுந்த கதையா? அதை என் வீட்டுக்காரரு என்னை விட நல்லா சொல்லுவாரு. யாரு வீட்டுக்கு வந்தாலும் சொல்லுவாரு. இவ ஒரு நாள் வண்டி கேட்டா, குடுத்தேன், தெரு முக்குல திருப்பறேன்னு திருப்பினா, கை போச்சு. முதல் வருஷம் முக்கு மட்டும்தான் இருந்துச்சு. அடுத்த வருஷம் குறுக்க ஒரு நாய் வந்துச்சு. அதுக்கப்புறம் ஒரு கோழி. வருஷா வருஷம் ஒரு பிராணி சேரும். நாத்தனார் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பா. நானும் சிரிப்பேன், சிரிச்சுக்கிட்டே தட்டை எடுத்துக்கிட்டு உள்ள போவேன். கேட்டுக் கேட்டு எனக்கே அந்த நாய் என்ன கலருன்னு தெரிய ஆரம்பிச்சுது.

உண்மையிலே என்ன ஆச்சுன்னா கேக்கறீங்க. அன்னிக்கு வண்டி வீட்டுலயே இல்ல சார். மெக்கானிக் கடையில இன்ஜினைப் பிரிச்சுப் போட்டிருந்தாங்க. மத்தியானம் அவரு சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. வண்டி சரியாகி வந்ததும் நானும் கத்துக்கறேன், வேலைக்குப் போக வர வசதியா இருக்கும்னு வாயை விட்டேன். அவ்வளவுதான். எந்திரிச்சாரு. கதவுக்கும் நிலைக்கும் நடுவுல என் கையை வச்சு சாத்தினாரு. ரெண்டு தடவை.

ஏன் அப்பவே சொல்லலையா? டாக்டர் என்னையா கேட்டாரு? பக்கத்துல நின்னவரைக் கேட்டாரு. அவரு சொன்னாரு, டாக்டர் எழுதினாரு. இப்ப நீங்களும் அவரைத்தான் கூட்டிக்கிட்டு வரச் சொல்றீங்க.

அழலை சார், நீங்க ஒண்ணும் தண்ணிக்கு டம்ளரைத் தேட வேண்டாம். நான் அழுது முடிச்சுட்டுத்தான் வண்டியிலயே ஏறினேன்.

அந்தக் காகிதத்தைக் கிழிக்கவும் வேண்டாம். இருக்கட்டும். நான் போய் வண்டியை எடுக்கறேன், நீங்க பேனாவோட அந்த எட்டுக் கோட்டுக்கிட்ட வந்து நில்லுங்க. கால் ஊனினா எழுதுங்க. விழுந்தா அதையும் எழுதுங்க சார். அதுவாவது நான் விழுந்ததா இருக்கும்.