கடுகு தாளிக்காத வீடு

— சமையல்ல இருந்தே ஆரம்பிக்கேன் டாக்டரம்மா, கேட்டுக்கோங்க. எங்க வீட்டுல கடுகு தாளிச்சு எட்டு மாசம் ஆச்சு.

— உங்க மனைவி தாளிக்கிறது இல்லையா?

— தாளிக்க மாட்டா. குழம்பைக் கொதிக்க வச்சு அப்படியே எறக்கிருவா. ரசம் வெந்நி மாதிரி இருக்கும். குக்கரைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டா. சோறு பானையில வடிக்கா. ஏன்னு கேட்டா வாயைத் தொறக்க மாட்டா.

— மாரிச்செல்வி, நீங்க ஏதாவது சொல்றீங்களா?

— அவிய சொல்லி முடிக்கட்டும் டாக்டர்.

— பாத்தீங்களா? இப்படித்தான் உக்காந்திருப்பா. போன வாரம் இவளே வந்து, ‘எனக்கு மனசு சரியில்லங்க, டாக்டர் உங்களையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க’ன்னா. சரி, அவளே ஒத்துக்கிட்டாளேன்னு வந்தேன். இல்லேன்னா இந்த ஆஸ்பத்திரி வாசப்படி மிதிக்கிற ஆளா நான்.

— நல்லது, வந்தீங்கள்ல. மெதுவா சொல்லுங்க சங்கிலிப்பாண்டி. வேற என்ன செய்யுறாங்க?

— பாலை வடிகட்டித்தான் தருவா. ஆடை ஒரு பொட்டு இருக்கக் கூடாது. டம்ளர்ல ஆடை படிஞ்சுட்டா எங்கையில இருந்து பிடுங்கிட்டுப் போயிருவா. பால்கோவா ஊர்ல பொறந்தவனுக்கு வந்த கொடுமையைக் கேட்டுக்கோங்க.

— உங்களுக்கு ஆடை பிடிக்குமா?

— முன்ன பிடிக்கும்.

— இப்ப?

— இப்ப என்ன அதுக்கு. இவளைப் பத்திக் கேளுங்க. ராத்திரி என்னைய ரூமுக்குள்ள படுக்க விட்டு வெளிய தாழ் போட்டுருதா. இவ வராந்தாவுல பாயை விரிச்சுக் கெடப்பா. எல்லாம் எங்க பாப்பா கட்டில்ல இருந்து விழுந்து கையை ஒடிச்சுக்கிட்டதுல இருந்துதான். பிள்ளையை ஒழுங்காப் பாத்துக்கிட மாட்டாம விழ விட்டுட்டா. பொறவு நேரா ராஜபாளையத்துக்குக் கொண்டுபோயி அவ ஆத்தா வீட்டுல விட்டுட்டு வந்துட்டா. நாலு வயசுப் பிள்ளை டாக்டரம்மா. நான் போயி நின்னா எங்க மாமியா, ‘பிள்ளை தூங்குது’ங்கா. பகல் பதினோரு மணிக்கு எந்தப் பிள்ளை தூங்கும்?

— பாப்பாவை வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும், இல்லையா?

— அதுக்குத்தான் வந்திருக்கேன். இவளுக்குக் கிறுக்குன்னாலும் சரி, என்னன்னாலும் சரி. நீங்க சரியாக்குங்க. தீபாவளி வருது. எம்பிள்ளை எங்க வீட்டுல இருக்கணும்.

— இதுக்கு முன்ன யார்கிட்டயாவது காட்டுனீங்களா?

— கோடாங்கிகிட்ட கூட்டிட்டுப் போனேன். இவளை எதுத்தாப்புல உக்கார வச்சு உடுக்கை அடிச்சாரு. சூடத்தைக் கொளுத்துனாரு. இவ கல்லு மாதிரி உக்காந்திருந்தா.

— பொறவு?

— பொறவு அது எம்மேல தாவிருச்சு.

— எது?

— இவ மேல இருந்தது. முழிச்சுப் பாத்தா ரோட்டுல நின்ன லாரிக்கு அடியில கெடக்கேன்.

— வெளிய வர மாட்டேன்னுட்டாரு டாக்டர். டிரைவர் வண்டி எடுக்க முடியாம நின்னாரு. டயரைக் கட்டிப்பிடிச்சிட்டு விடலை.

— ஏட்டி, சும்மா இரு. அந்தக் கோடாங்கி ஒரு வெவரங்கெட்ட ஆளு. தாயத்தை எனக்குக் கட்ட வாராரு. ‘யோவ், நோயாளி அங்க உக்காந்திருக்கா, அவளுக்குக் கட்டு’ன்னேன்.

— யாருக்குக் கட்டுனாரு?

— என் இடுப்புல இருக்கு. அதை விடுங்க. இன்னொண்ணு கேட்டுக்கோங்க. மடவார் வளாகத்துல எங்க தெருவுல தவசிமுத்துன்னு ஒரு பெரியவரு செத்துப்போனாரு. நல்ல சாவு, பேரன் பேத்தி எடுத்த மனுசன். அவரு மகன் வாணமும் வெடியும் வாங்கி அடுக்கியிருந்தான். இவ துக்க வீட்டுக்குப் போயி அவன் காலுல விழுந்திருக்கா. ‘எங்க வீட்டைத் தாண்டுற வரைக்கும் வெடி போடாதீங்க’ன்னு. ஊரே சிரிச்சுச்சு. பாவம், மூச்சுக் காட்டாம தூக்கிட்டுப் போனாங்க. அவன் இன்னமும் எம்மூஞ்சியப் பாக்க மாட்டேங்கான்.

— அன்னைக்கு நீங்க வீட்டுல இருந்தீங்களா?

— நான் செண்பகத்தோப்புல இருந்தேன்.

— அங்க என்ன வேலை?

— சும்மாதான். அங்க சத்தம் இருக்காது. இருளப்பசாமின்னு காட்டு வாட்சர் ஒருத்தரு பழக்கம். ஒரு மரத்துல சாஞ்சு உக்காந்திருப்பேன்.

— தெருவுல யாராவது செத்தா அங்க போயிருவீங்களா?

— கல்யாணம்னாலும் போவேன்.

— வேலைக்கு?

— சத்திரப்பட்டியில பேண்டேஜ் தறிக்குப் போனேன். தறிச் சத்தம் ஆகலை, நின்னுட்டேன். இப்ப போகலை. நான் வேலைக்குப் போயிட்டா இவளை யாரு பாத்துக்கிட?

— சரி. இவங்களுக்கு இதெல்லாம் எப்ப ஆரம்பிச்சது?

— தை மாசம் நடந்த விபத்துக்குப் பொறவு. சிவகாசிப் பக்கம் பட்டாசு செய்யுற வெடி ஆபீஸ்ல. பேப்பர்லகூட வந்துச்சே.

— அங்க மாரிச்செல்வி வேலை பாத்தாங்களா?

— இல்ல, நான்தான் பாத்தேன். அவ வீட்டுல இருந்தா. அதுதான் டாக்டரம்மா எனக்குப் புரியவே இல்ல. உள்ள இருந்த எனக்கு ஒண்ணும் இல்ல. வீட்டுல இருந்தவளுக்கு வந்திருச்சு.

— மாரிச்செல்வி, கடுகு பொரிஞ்சா உங்களுக்கு என்ன ஆகும்?

— எனக்கு ஒண்ணும் ஆகாது டாக்டர். எனக்குத் தாளிச்ச குழம்புதான் பிடிக்கும்.

— அப்ப ஏன் தாளிக்கிறதில்ல?

— இவிய சட்டியைத் தட்டிவிட்டுட்டு என்னைய இழுத்துக்கிட்டு வாசலுக்கு ஓடுவாரு. மூணு தடவை ஓடுனாரு. மூணாவது தடவை கொதிக்கிற எண்ணெய் எங்காலுல கொட்டிருச்சு. அதுக்குப் பொறவு தாளிக்கலை.

— ஏட்டி, என்ன பேசுத நீ? அது எண்ணெய்ச் சட்டி வழுக்கிக் கொட்டுனது.

— குக்கர் விசிலுக்கும் அப்படித்தான் டாக்டர்.

— ஓகோ. இப்ப புரியுது. என்னையப் பைத்தியம்னு எழுதி வாங்கத்தான் கூட்டிட்டு வந்தியா? ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டுத்தானே? நான் என்னமோ இவளுக்கு வைத்தியம் பாக்க வந்தா...

— உக்காருங்க சங்கிலிப்பாண்டி. யாரும் உங்களைப் பைத்தியம்னு சொல்லலை.

— நீங்க சொல்லலை, இவ சொல்லுதாளே. நான் வாரேன். நீ பஸ் ஏறி வந்து சேரு. எனக்கு ஒரு நோயும்...

— ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்ல. ஸ்ட்ரெச்சர் கதவுல இடிச்சிருச்சு. அவ்வளவுதான். சங்கிலிப்பாண்டி, நான் பேசுறது கேக்குதா? இது ஆஸ்பத்திரி. இங்க நெருப்பு இல்ல. தரையைத் தொட்டுப் பாருங்க, எப்படி இருக்கு?

— ஜில்லுன்னு இருக்கு.

— நல்லது. இன்னும் செத்த நேரம் அப்படியே இருங்க. அவசரம் இல்ல.

— பேனா விழுந்துச்சு டாக்டரம்மா. அதை எடுக்கத்தான் மேசைக்கு அடியில குனிஞ்சேன்.

— பேனா என் கையில இருக்கு.

— ஏங்க, வாங்க. மெதுவா. தலையில இடிச்சுக்கிடாதீங்க.

— எந்தோளை விடு. நானே வருவேன்.

— இந்தாங்க, தண்ணி குடிங்க. நான் இப்ப சொல்லப்போறதைக் கேட்டுட்டு, பொறவு போகணும்னா போங்க. இதுக்கு ஒரு பேரு இருக்கு. பிடிஎஸ்டின்னு சொல்லுவோம். சாவைப் பக்கத்துல பாத்தவங்களுக்கு வரும். பட்டாளத்துக்காரங்களுக்கு வரும், வெள்ளத்துல மாட்டுனவங்களுக்கு வரும். எல்லாருக்கும் கொஞ்ச நாள் பயம் இருக்கும், பொறவு குறைஞ்சிரும். சிலருக்கு மாசக்கணக்கா குறையாது. சத்தம் கேட்டா உடம்பு மறுபடி அங்கயே போயிரும். அந்த எடம், அந்தப் பேச்சு எதுவும் வேண்டாம்னு ஒதுங்கிப் போவாங்க. தூக்கம் இருக்காது. கோவம் வரும்.

— இது எல்லாம் எனக்கு இருக்குங்கீங்களா?

— நீங்கதான் இப்ப சொன்னீங்க. அவங்க பேர்ல சொன்னீங்க, அவ்வளவுதான்.

— இது பைத்தியம் இல்லையா?

— இல்ல.

— மருந்து இருக்கா? இல்ல, மாத்திரைன்னு சொல்லுங்க. மருந்துங்கிற பேரு வேண்டாம். அங்க வெடிக்குள்ள போடுறதுக்கும் அதுதான் பேரு.

— மாத்திரை இருக்கு. ஆனா முக்கியமான வைத்தியம் பேச்சு. வாரம் ஒரு தடவை இங்க வருவீங்க. அன்னைக்கு நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமா சொல்லுவீங்க. திரும்பத் திரும்பச் சொல்லுவீங்க.

— அதைச் சொன்னா செத்துருவேன்.

— சாக மாட்டீங்க. கஷ்டமா இருக்கும். முதல்ல ஒண்ணு ரெண்டு வாரம் இப்ப இருக்கிறதைவிட மோசமாக்கூட இருக்கலாம். அதையும் சொல்லிடுறேன், பொறவு என்னை ஏச வேண்டாம். ஆனா நிறைய பேருக்குக் குறைஞ்சிருக்கு. முழுசா இல்லேன்னாலும், கடுகு தாளிக்கிற அளவுக்கு.

— எதைச் சொல்லணும்?

— இன்னைக்கே சொல்லணும்னு இல்ல. முடிஞ்சா ஒரு வரி.

— பாண்டீஸ்வரின்னு ஒரு பிள்ளை. அங்க திரி வெட்டுறவ. என்னைய அண்ணேன்னுதான் கூப்பிடுவா.

— சரி.

— நான் வெளிய காயப்போட்டிருந்த சரக்கை அள்ளிக்கிட்டு இருந்தேன். அவ ரூமு வெடிச்சுச்சு. போயி பாக்கேன், வாசல்ல கெடக்கா. இடுப்பு வரைக்கும் வெளிய இருக்கு, மத்தது இடிஞ்ச சுவருக்கு அடியில. ‘அண்ணே, இழுங்க’ன்னா. கையைப் பிடிச்சு இழுத்தேன். தோல் மட்டும் கழண்டு எங்கையோட வந்திருச்சு. அவ அப்படியே கெடக்கா. மறுபடி அண்ணேங்கா. மறுபடி எங்க பிடிக்கன்னு தெரியாம நிக்கேன். அடுத்த ரூமு வெடிச்சு என்னையத் தூக்கி எறிஞ்சிருச்சு.

— இதை எங்கிட்ட நீங்க சொன்னதே இல்ல.

— சோறு திங்கிற வீட்டுல எப்படிட்டி சொல்ல?

— ஒரு நாள் பாலாடையை விரல்ல எடுத்துட்டு அலறுனீங்க. அதனாலதான் வடிகட்டித் தாரேன். என்ன காரணம்னு இன்னைக்குத்தான் தெரியுது.

— அழாத. டாக்டரம்மா, நான் வாரேன். வாரா வாரம் வாரேன். மாத்திரையும் திங்கேன். ஒரே ஒரு கேள்வி. நோய் எனக்குத்தான், இவளுக்கு இல்லேன்னு ஆயிருச்சுல்ல? அப்ப பிள்ளையை அங்க எதுக்கு விட்டு வைக்கணும்? சாயங்காலம் ராஜபாளையம் போயி கூட்டிட்டு வந்துருதேன்.

— இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் சங்கிலிப்பாண்டி.

— ஏன்? எம்பிள்ளையை நான் என்ன செஞ்சுருவேன்?

— தூக்கத்துல என்ன நடக்குதுன்னு உங்களுக்கே தெரியாது.

— தெரியும். கனா வரும், கத்துவேன், அம்புட்டுத்தான். அதுலயும் எல்லாக் கனாவும் கெட்டது இல்ல, கேட்டுக்கோங்க. ஒரு நாள் நல்ல கனா வந்துச்சு.

— என்ன கனா?

— அதே வெடிதான். ஆனா இந்தத் தடவை நான் கையைப் பிடிக்கலை. கை வேண்டாம்னு எனக்குத் தெரிஞ்சிருக்கு. இடுப்போட சேத்து அள்ளித் தூக்கிட்டேன். எம்புட்டு லேசா இருந்தா தெரியுமா பாண்டீஸ்வரி? பஞ்சு மாதிரி இருந்தா. பயந்து கத்துதா. ‘அண்ணன் இருக்கேன், கத்தாத’ன்னேன். ஓடிப்போயி சுவருக்கு அந்தப் பக்கம் வீசிட்டேன். அங்க நெருப்பு இல்ல. தப்பிச்சுட்டா. நான் திரும்பி வந்து படுத்துட்டேன். இந்த எட்டு மாசத்துல அன்னைக்கு ஒரு நாள்தான் தூங்குனேன் டாக்டரம்மா. அப்படி ஒரு தூக்கம். பாப்பா விழுந்ததும் தெரியலை, இவ பிள்ளையைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனதும் தெரியலை. விடிஞ்சு கண்ணு முழிச்சா பிள்ளை கையில கட்டோட உக்காந்திருக்கு. கனாவுலகூட காப்பாத்தத்தான் செய்யுதேன். என்னையப் போயி...

— மாரிச்செல்வி, வேண்டாம். இன்னைக்கு வேண்டாம். இதை நாம முறையா, மெதுவா...

— இன்னைக்குச் சொல்லலேன்னா சாயங்காலம் எங்க அம்மா வீட்டு வாசல்ல போயி நிப்பாரு டாக்டர்.

— என்னட்டி சொல்லணும்?

— ஏங்க, எங்கையைப் பிடிச்சுக்கோங்க. நல்லா பிடிங்க. அன்னைக்கு நீங்க சுவருக்கு அந்தப் பக்கம் தூக்கி வீசுனது பாண்டீஸ்வரியை இல்ல, நம்ம பாப்பாவை.