வெள்ளை வரிசை

விசேஷம் ஒண்ணும் இல்ல அண்ணி. இந்த மாசமும் இல்ல, அடுத்த மாசமும் இருக்காது. பஸ் பிடிச்சு நான் வேலை செய்ற இடத்துக்கே வந்து கேக்குறீங்க, அதனால சொல்லிடறேன். அந்த முனையக் கொஞ்சம் பிடிங்க. அப்படி இல்ல, ரெண்டு கையாலயும். ஹோட்டல் பெட்ஷீட்டு, ஒத்தை ஆளா மடிச்சா கோணிக்கும். என்கூட மடிக்கிற பொண்ணு இன்னிக்கு லீவு. நல்ல நேரத்துக்குத்தான் வந்து மாட்டினீங்க.

தெரியும் அண்ணி. கண்ணாடிக்குப் பின்னால நான் வெச்சிருந்த கருத்தடை மாத்திரை அட்டையை உங்க தம்பி பார்த்துட்டார். திருப்பி வைக்கும்போது தலைகீழா வெச்சுட்டார். லிஃப்ட் ரிப்பேர் பண்ற மனுஷன், வெளியில ஒரு நட்டு மாறாது. வீட்ல மட்டும் இப்படி.

சண்டை போடுவார்னு நெனச்சேன். போடல. உங்களுக்குப் போன் பண்ணினார். ரகசியம் பேசறாராம். லிஃப்ட் குழிக்குள்ள கத்திக் கத்திப் பழகின தொண்டை, பாத்ரூம் வரைக்கும் கேட்டுச்சு. கடைசி வரிசை வெள்ளை மாத்திரையில மருந்தே கிடையாது, அந்த வாரத்துல சேர்ந்தா தங்கிடும்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க? ஐயோ, கோவமா கேக்கல அண்ணி. சும்மா கேட்டேன்.

அதுலேர்ந்து வெள்ளை வரிசை வந்துட்டா நைட் டூட்டியை யார் தலையிலயாவது கட்டிட்டு வீட்டுக்கு வந்துடறார். ஷேவ் பண்ணிக்கிறார். அந்த வாரத்துலதான் தீட்டும் வரும், அது நின்னுச்சான்னு கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு, இடுப்பு வலி எப்படி இருக்குன்னு விசாரிக்கிறார். பாவம்தான். பாவம்னு எனக்குத் தெரியுது, அவ்வளவுதான். உள்ள ஒண்ணும் அசைய மாட்டேங்குது.

நீங்க சொன்னது பாதிதான் சரி அண்ணி. வெள்ளையில மருந்து இல்ல, வாஸ்தவம். தினமும் போடற பழக்கம் விட்டுடக் கூடாதுன்னு வெச்சிருக்கான். ஆனா அதுக்கு முன்னாடி மருந்து இருக்கிற பிங்க் மாத்திரையை ஒழுங்கா முழுங்கினவளுக்குக் கருமுட்டையே வெளிய வராது. வெள்ளை ஓடுற வாரத்துல அது மெதுவா முழிச்சுக்கப் பார்க்குமாம். கண்ணைத் திறக்குறதுக்குள்ள அடுத்த அட்டையோட முதல் பிங்க் உள்ள போயிடும், மறுபடியும் தூங்கிடும். கிளினிக்ல அந்த டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினாங்க. மாசம் பூராவும் காவல்தான், வெள்ளைக்கும் சேர்த்து. நடுவுல பிங்க்கை மறந்தாலோ, புது அட்டையைத் தள்ளிப் போட்டாலோதான் வம்பு.

நான் மறக்க மாட்டேன். பல் விளக்கினதும் போட்டுக்குவேன். அட்டையை இன்னும் அதே கண்ணாடிக்குப் பின்னாலதான் வைக்கிறேன், அவரும் பார்த்துக்கட்டும்னு.

இழுத்துப் பிடிங்க அண்ணி, நடுவுல தொங்குது. தரையில பட்டா மறுபடி துவைக்கணும்.

வெள்ளை வாரத்துலயும் தங்காதுன்னு அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்களேன். நான் எத்தனையோ தடவ வாயெடுத்தேன். அந்த வாரம் மட்டும்தான் மனுஷன் விசில் அடிச்சுக்கிட்டே குளிக்கிறார். அதைக் கேட்டுட்டு எப்படிச் சொல்ல? சொல்லாம இருக்கிறதும் ஏமாத்துறதுதான், எனக்குத் தெரியாம இல்ல. ஆனா நேத்து அந்தச் சின்ன ரூம்ல பெயிண்ட் டப்பா வாங்கி இறக்கியிருக்கார். மஞ்சள் கலர். ஞாயித்துக்கிழமை அடிக்கப் போறாராம். சுவத்துல இடுப்பு உயரத்துக்குக் கிறுக்கல் இருக்கு, அதை அப்படியே மூடிடும். அதுக்குள்ள சொல்லிடுங்க அண்ணி. உங்க பேச்சைத்தான் அவர் கேப்பார்.

இல்ல, அவர் மேல கோவம் இல்ல. உடம்புக்கும் ஒண்ணும் இல்ல. வேலைக்காகவா? இந்தப் பெட்ஷீட்டைக் கட்டிக்கிட்டு அழறதுக்கு யாராவது பிள்ளை வேண்டாம்பாங்களா? இன்னொண்ணு வந்துட்டா எல்லாம் சரியாயிடும்னு நீங்களும் சொல்றீங்க, எங்க அம்மாவும் சொல்றாங்க. சொல்றவங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க.

இது உங்களுக்குத் தெரியாது. பாப்பாவைப் புதைச்சுட்டு வந்து, நீங்கல்லாம் கிளம்பிப் போனப்புறம், அவர் என் பக்கத்துல வந்து உக்காந்தார். என் கையைப் பிடிச்சுக்கிட்டார். நல்ல மனசோடதான் சொன்னார். அடுத்ததும் பொண்ணாப் பொறந்தா அதே பேரை வெச்சுடலாம், நமக்கும் கூப்பிட்டுப் பழகின பேர்தானேன்னார். நான் சரின்னேன். மறுநாள் கிளினிக் திறக்குறதுக்கு முன்னாடியே போய் வாசல்ல நின்னுட்டேன், மாத்திரைக்கு.

விட்டுட்டீங்களா? இருக்கட்டும் அண்ணி, குனியாதீங்க. நான் எடுத்துக்கிறேன்.