பூஞ்சைக்கு மருந்து

"சமையல்காரனைக் கொன்னுட்டுச் சோத்துக்குக் காத்திருக்கீங்க."

புனே லோக்கல் ரயிலில் என் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த நான் திரும்பினேன். சொன்னவர் தாவரவியல் வாத்தியார். கேட்டுக்கொண்டிருந்தவர் தளேகாவ் ஃபாக்டரியில் தோட்டம் பார்ப்பவர்.

"நீங்க சொன்னபடி காட்டு மண்ணு கொண்டாந்து மரக்கன்னுக்குப் போட்டேன் சார். அதுல வெள்ளை வெள்ளையா நூலு. மேனேஜர் பார்த்துட்டு, பூஞ்சை, மருந்து அடின்னாரு. அடிச்சேன். ஒரு கன்னும் தேறலை."

"அந்தப் பூஞ்சைதாங்க காட்டுல உதிர்ந்த இலையை மக்கவெச்சு, சத்தை வேருக்கு ஊட்டுது. அதுக்குத்தானே அந்த மண்ணைப் போடச் சொன்னேன். மேனேஜர்கிட்ட சொல்லுங்க."

"எப்படிச் சொல்றது? தோட்டத்தைச் சுத்தமா வெச்சிருக்காருன்னு நேத்துதான் அவருக்கு மாலை போட்டாங்க."

"உங்களுக்கு?"

"கன்னு பட்டுப்போனதுக்கு வேலைநீக்க நோட்டீஸ். அந்த மாலைக்குப் பூப் பறிச்சதும் நான்தான் சார்."