வேளாக் கொம்பு பிடுங்கினவன்

உச்சிப் பொழுது. வெயில் நட்ட நடுமண்டையில். தேங்காய்த்திட்டிலிருந்து முகத்துவாரத்துக்குப் போகிற மணல் பாதை... ஈ காக்கை கிடையாது. இரண்டு பக்கமும் கண்டல் புதர், அழுகின சேற்று நாற்றம். அதில் தெய்வசிகாமணி தனியாகப் போய்க்கொண்டிருந்தான்.

என்ன சிரிப்பு அங்கே? பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? ராத்திரியில் நாம் இப்படி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். மனிதன் தனியாக அகப்படுவது உச்சிவேளையில்தான். கதவோரம் இருக்கிறவர்கள் உள்ளே தள்ளி வாருங்கள். இது கட்டின கதை இல்லை. என் சிநேகிதன் முருகையனுடைய தங்கை புருஷன்தான் இந்தத் தெய்வசிகாமணி. வைத்திக்குப்பத்து ஆள். வெள்ளைக்காரன் கொடியை இறக்கி ஆறு வருஷம் கழித்து நடந்தது.

வேளா மீனை உங்களில் சின்னவர்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சுறா மாதிரி உடம்பு. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் நீளமாக ஒரு ரம்பம், இரண்டு பக்கமும் பல். அதைத்தான் கொம்பு என்பார்கள். குட்டி போடுவதற்கு முகத்துவாரத்துக்குள் வரும். பழைய நூல் வலையில் மாட்டினால் கிழித்துக்கொண்டு போய்விடும். பிறகு நைலான் வலை வந்தது. அது கிழியவில்லை. தாயும் வந்தது, குட்டியும் வந்தது. குப்பத்தில் முதல் நைலான் வலை தெய்வசிகாமணியுடையது. கூடை கூடையாகக் குட்டிகளை அள்ளினான். யாராவது வாயைத் திறந்தால், "கடலு என்ன வத்தியா பூடும்? போய்யா வேலயப் பாத்துக்கினு!" என்பான்.

அவனுக்கு ஒரே பெண், சந்திரகலா. பால் பல்கூட விழவில்லை. அவளுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. வைத்தியர் கையை விரித்துவிட்டார். பெண்சாதி அஞ்சலாட்சி அம்மன் கோயிலில் போய் விழுந்தாள். "ஆத்தா, எம்புள்ள கண்ணத் தொறக்கட்டும்... உன் வாசல்ல வேளாக் கொம்பு நட்டுடுறோம்!" கடலுக்குப் போகிறவர்கள் காலங்காலமாகச் செய்கிற நேர்த்திக்கடன்தான். பெண் கண் திறந்தாள். எழுந்து விளையாடினாள்.

இனி கொம்பு நட வேண்டும். தெய்வசிகாமணி வலை போட்டான். வேளா இல்லை. மறுபடி போட்டான். இல்லை. வீராம்பட்டினத்தில் கேட்டான், கடலூர் வரைக்கும் போய்க் கேட்டான். எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். மழைக்காலம் போய் வெயில்காலம் வந்தது, காய்ச்சலும் திரும்பி வந்தது.

பூசாரி, "வேண்டிக்கினு ஏமாத்துனா ஆத்தா சும்மா இருப்பாளா?" என்றார். அஞ்சலாட்சி தலையில் அடித்துக்கொண்டாள். "கடல்ல இல்லன்னா எங்கனா போய்க் கொண்டாய்யா! புள்ள போயிடும் போலருக்குது!"

அதற்காகத்தான் அந்த உச்சிவேளையில் போனான். முகத்துவாரத்து மேட்டில் பாழடைந்த அம்மன் மேடை ஒன்று உண்டு. தாத்தன் காலத்தில் நட்ட கொம்புகள் அங்கே இருந்தன. சுவரில் மாட்ட அழகாக இருக்கிறது என்று துரைமார்கள் கேட்கக் கேட்க, நம் ஆட்களே ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கொடுத்துவிட்டார்கள். ஒன்றே ஒன்று மிச்சம். அதைப் பிடுங்கி, மணல் போட்டுத் தேய்த்து, புதுசு என்று நட்டுவிடலாம் என்பது அவன் எண்ணம். ஒருத்தன் கொடுத்த காணிக்கையை எடுத்து மறுபடி காணிக்கை கொடுக்கலாமா? கொடுக்கக் கூடாது. ஆனால் பெற்றவன் மனசு அதையெல்லாம் பார்க்குமா?

கொம்பைப் பிடித்து இழுத்தான். காய்ந்த மணலிலிருந்து வருகிற மாதிரி வரவில்லை. 'சளக்'கென்று வந்தது... சதையிலிருந்து பிடுங்கின மாதிரி. அடிப்பக்கம் ஈரம். சிவப்பு. அப்போதுதான் அறுத்த மீனின் ரத்தக் கவிச்சி.

துண்டில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான்.

பின்னாலே... சர்ர்ர்.

நின்றான். அதுவும் நின்றது.

நடந்தான். சர்ர்ர்... சர்ர்ர்...

திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. வெயில்தான் காய்கிறது. ஆனால் மணலில் அவனுடைய காலடித் தடத்தைக் காணோம். அதை அழித்துக்கொண்டு, கட்டுமரத்தை இழுத்து வந்த மாதிரி அகலமாக ஒரு தடம்... அவன் குதிகால் வரைக்கும்.

ஓடினான். எப்படி வந்து சேர்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. மஞ்சள் பூசி, கோயில் வாசலில் கொம்பை நட்டான். பொழுது சாய்வதற்குள் பெண்ணுக்கு உடம்பு குளிர்ந்தது. அஞ்சலாட்சி புருஷன் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள், அவ்வளவு சந்தோஷம்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு முருகையன் மருமகளைப் பார்க்க ரொட்டி வாங்கிக்கொண்டு போனான். பெண் கட்டிலில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துத் தின்றாள். தின்றுகொண்டே குனிந்து கட்டிலுக்கு அடியில் பேசினாள். உப்புத் தண்ணீர் வாடை குப்பென்று அடித்தது. முருகையன் மண்டிபோட்டு எட்டிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. தரை மட்டும் ஈரம்.

"யாருகிட்டடி பேசுற?" என்று அஞ்சலாட்சி கேட்டாள்.

"அது கேக்குதும்மா... அதோட ஆளுங்கல்லாம் எங்கன்னு. உப்பங்கழி பூரா தேடிச்சாம், கடல்லயும் தேடிச்சாம். ஒருத்தருமே இல்லியாம். நான் இன்னாம்மா சொல்றது?"

யார் என்ன சொல்வது? தெய்வசிகாமணி சுவரோடு சுவராக ஒண்டிக்கொண்டான். கூடை கூடையாக அள்ளினது அவன் கைதானே! குழந்தையே குனிந்து, "வந்துடுவாங்க... நீ தூங்கு" என்றது.

சர்ர்ர்... என்று ஒரு தரம் கேட்டது. பிறகு அடங்கிவிட்டது.

அன்றிலிருந்து தினமும் இதுதான். ஒரு நாள் சொல்லாமல் தூங்கிப்போனாள், விடிவதற்குள் காய்ச்சல் கொதித்தது. அவசரமாக எழுப்பிச் சொல்ல வைத்தார்கள், இறங்கிவிட்டது. தெய்வசிகாமணி இப்போது வலை எடுப்பதில்லை. வெறும் தோணியில் போய்த் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறான். உயிரோடு ஒரு வேளா கண்ணில் பட்டால் போதும் என்கிறான். பாவி, வருஷம் இரண்டாகிவிட்டது. ஒரு குட்டிகூடப் படவில்லை.

நேற்று முருகையன் என்னைத் தேடி வந்தான். முகத்தில் ஈயாடவில்லை. பெண்ணுக்கு மறுபடி உடம்பு கொதிக்கிறதாம். "தெனமும் சொல்றியே, அத இன்னிக்கும் சொன்னியாம்மா?" என்று கேட்டிருக்கிறான்.

"சொன்னேன் மாமா," என்றாளாம். "இப்பல்லாம் நம்ப மாட்டேங்குது."