மொச்சைக்காட்டுப் போக்கிடம்

மொச்சைக் குழம்பு எனக்கு ஆகவே ஆகாது, இன்ஸ்பெக்டர் சார். வாயுத் தொந்தரவு. ஆனாலும் எழுபத்தஞ்சாம் வருசத்திலிருந்து மொச்சையோடுதான் குடித்தனம். விளாங்குடியில் பஸ் பிடித்து எழுமலைப் பக்கம் உள்ள ஆராய்ச்சிப் பண்ணைக்குப் போவேன். நானே ஒட்டுச் சேர்த்து உண்டாக்கிய ரகம் அங்கே நின்றது. காய்த்தால் கொடி தாங்காது, அம்புட்டு அழகு.

வயலில் செடி இல்லாமல் போன இடத்தைப் போக்கிடம் என்போம். ஆடு மேய்ந்து போனால் அது ரகத்தின் குற்றமில்லை. மிச்சச் செடிகளை வைத்து, போனதும் இருந்திருந்தால் எவ்வளவு காய்த்திருக்கும் என்று விளைச்சலில் கூட்டிக்கொள்ளலாம். அது முறைதான். நோயில் செத்தால் மட்டும் கூட்டக்கூடாது.

இந்த வருசம் மூணில் ஒரு பங்கு வேர் அழுகிச் செத்தது. வயிறு எரிந்தது, சார். மேலிடத்துக் குழு பார்க்க வருகிறது, தேறாவிட்டால் ரகத்தையே கைவிடச் சொல்லிவிடுவார்கள். செத்ததையெல்லாம் பிடுங்கி எரித்தேன். நாலு கூடை ஆட்டுப்புழுக்கையை அள்ளி வயலில் இறைத்தேன். ஆடு புகுந்துவிட்டது என்று சொன்னேன்.

காவல்காரர் பேயாண்டிதான் ஒத்துக்கொள்ளவில்லை.

"என் காவல்ல ஆடு வந்துச்சுன்னா எனக்குல்லய்யா கேவலம்? நீங்க புடுங்குனத நான் பார்த்தேன். வாரவுக கேட்டா சொல்லிருவேன்."

"உங்க வேலைக்கு ஒண்ணும் வராதுண்ணே, நான் பார்த்துக்கிறேன்."

"வேலை கெடக்கு. பேயாண்டி தூங்கிட்டான்னு ஊருக்குள்ள பேசுவாகளே."

மானஸ்தன். எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை, இப்போதும் இல்லை.

ராத்திரியெல்லாம் காவல் காப்பவர், மத்தியானம் விதை அறையில் மூட்டைகளுக்கு நடுவே படுப்பார். வண்டு விழாமலிருக்க அந்த அறையில் விஷ மாத்திரை வைத்து, கதவைப் பூட்டி, இடுக்கெல்லாம் களிமண் பூசுவது வழக்கம். உள்ளே எந்த உயிரும் மிஞ்சாது. குழு வருவதற்கு முந்தின நாள் வைத்தேன். எப்படியும் அந்த வாரம் வைக்க வேண்டியதுதான்.

உள்ளே ஆள் இருந்தது தெரியாது என்று முதலில் எழுதிக் கொடுத்தேனே, அதை அடித்துவிடுங்கள். வாசலில் அவர் செருப்பு கிடந்தது. பாவம், களிமண் பட்டுவிடுமே என்று அதை ஓரமாக எடுத்து வைத்துவிட்டுத்தான் பூசினேன்.