ஒரு சொட்டு ரத்தம்கூட வரல

அண்ணனுக்கு நெஞ்சுல ஸ்டென்ட்டு வச்சி எத்தினி மாசம் ஆச்சின்னு சொன்னேக்கா, ஏழா? ஏழு மாசத்துலயே மாத்திரைய நிறுத்திட்டீங்களா. அதுவும் நாலு நாளா. இரு இரு, பையில தேடாத, சீட்டு வேணாம். ஒண்ணு ஆஸ்பிரின்னு, இன்னொண்ணு குளோபிடோன்னு ஆரம்பிக்கும், ரோஸ் கலரு. பாத்தியா. பத்தாங்கிளாஸ் பெயிலுக்கா நானு, இந்த ஒரு பாடத்துல மட்டும் என்னை யாரும் அடிச்சிக்க முடியாது.

நர்ஸெல்லாம் இல்ல. நகரி பக்கம் ஊரு, இந்த பஸ்ஸு அங்கதான் போவுது. எங்க ஊட்டுக்காரருக்கும் திருப்பதிலதான் வச்சாங்க. குவைத்துல எட்டு வருஷமா டிரைவர் வேலை. லீவுல வந்தவரு, பஸ் மேலேர்ந்து பொட்டிய எறக்கும்போதே நெஞ்ச புடிச்சிக்கினு உக்காந்துட்டாரு. முப்பத்தெட்டு வயசு. எங்க அத்தை வெயிலுக்கு பித்தம், மோரு குடுன்னாங்க. குடுத்தேன். ஆட்டோக்கார நாகையா அண்ணன்தான் மோரையும் சொம்பையும் புடுங்கி வச்சிட்டு, ஏறுமா மொதல்லன்னு திட்டி இட்டுக்கினு போனாரு.

உள்ள வச்சது இன்னான்னு உனக்கு யாராவது வெளக்கினாங்களா? கையெழுத்து போட சொன்னாங்க, போட்டே. எல்லார் ஊட்டுலயும் அதான். நான் வுடல. டாக்டர் எந்தப் பக்கம் போனாலும் எதிர்ல போய் நின்னேன். போரு போட்டா மண்ணு சரியாம கேசிங் பைப்பு எறக்கறீங்களே, அது மாதிரிதாம்மா இதுன்னாரு. அவரும் நெலம் நீச்சு பாத்தவரு போல. அப்பால எனக்கு எல்லாம் புரிஞ்சிடுச்சி. எங்க ஊட்டுக்காரரு படுத்துக்கினே, ஷேக்கு வண்டிக்கு நான் எவ்ளோ பார்ட்டு மாத்திக்கீறேன், இப்ப எனக்கே ஒண்ணு மாட்டிட்டானுங்கன்னு சிரிக்கிறாரு. ஊசி குத்தின கை அப்டியே வீங்கி கெடக்குது, பேச்சு மட்டும் கொறையல.

எத்தினி வருஷம் வரும்னு இப்ப கேட்ட பாரு, நானும் அதேதான் கேட்டேன். அது துருப்புடிக்காதுக்கா. எடம் வுட்டு நகராது. சில பேருக்கு அதுக்குள்ளயே சதை வளந்து மறுபடி அடைச்சிக்குமாம், அதுக்கோசரம்தான் மருந்து தடவினதா வைக்கறாங்க. உங்களுக்கும் அதான் வச்சிருப்பாங்க. ஆனா மருந்து தடவினதுல ஒரு சங்கதி கீது. அது மேல உடம்பு தோலு மூட நாளாவும். மூடற வரைக்கும் ரத்தத்துக்கு அது வேத்தாளு. கண்டா போய் அப்பிக்கும். அப்பிக்காம பாத்துக்கறது அந்த ஸ்டென்ட்டு கம்பி இல்ல, மாத்திரை. கம்பி வழிய தொறந்து வைக்கும், அவ்ளோதான். ஒரு வருஷத்துக்கு ஒக்க ரோஜு கூடா ஆப்பொத்தும்மா, ஒரு நாளு கூட நிறுத்தாதம்மான்னு வெரலை நீட்டி சொன்னாரு. எங்க ஊட்டுக்காரர பாத்து சொல்லல. என்னைப் பாத்து சொன்னாரு.

அதெல்லாம் நல்லா இருந்தாருக்கா, ஆறு மாசம். தண்ணி பாய்ச்ச போவாரு. இந்தா என் மடில தூங்குதே ஸ்வர்ணலதா, இதை தோள்ல தூக்கி வச்சிக்கினு ஏரிக்கரை வரைக்கும் நடப்பாரு. மூச்சு வாங்காது. மறுபடி குவைத் போறேன், விசா வருதுன்னு ஏஜென்டுக்கு போன் மேல போனு. நான் காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு மாத்திரைய உள்ளங்கைல வச்சி, வாய தொறந்து காட்டுன்னுவேன். புள்ளைய மெரட்டற மாதிரி. தொறந்து காட்டுவாரு.

அண்ணன் அலகு குத்திக்கணும்னு யாரு வேண்டிக்கினது, நீயா? ஆபரேஷன் ரூமு வாசல்ல நின்னுக்கினு? எனக்கு தெரியும். நானும் அங்கதான் நின்னேன். செவப்பு லைட்டு எரியுது, உள்ள போனவங்க வரல, வேற இன்னா செய்வோம். முருகா, வச்சது நல்லபடியா நின்னுச்சின்னா ஆடிக் கிருத்திகைக்கு அவரு அலகு குத்திக்குவாருன்னு வாய் வுட்டு சொல்லிட்டேன். பாரு, நானா குத்திக்கறேன்னு சொல்லல. அவரு நெஞ்சும் அவருது, கன்னமும் அவருது, வேண்டுதல் மட்டும் என்னுது. அவருக்கு அந்த நம்பிக்கையெல்லாம் பெரிசா கெடையாது. நீ சொல்லிட்ட இல்ல, குத்திக்கலாம் வுடுன்னாரு.

காப்பு கட்ட மொட்டை அடிச்சப்போ காதாண்ட லேசா கத்தி பட்டுடுச்சி. சின்ன கீறல்தான். அரை மணி நேரம் ரத்தம் நிக்கல. எங்க ஊர்ல அலகு குத்தறவரு வேதாச்சலம். அவரு பாத்துட்டு, மாத்திரை துன்ற ஒடம்பாம்மான்னு கேட்டாரு. இப்டி கசிஞ்சா நான் எப்டி வேலு எறக்கறதுன்னாரு. அவரு மேல தப்பு சொல்ல மாட்டேன், யோசிச்சி செய்ங்கன்னுதான் சொன்னாரு. ஆனா உனக்கும் தெரியும்தானே. அலகு குத்தும்போது ரத்தம் வரக்கூடாது. வந்தா விரதத்துல குத்தம், ஊட்டுல சுத்தம் இல்லன்னு பேசுவாங்க. ஊட்டுல சுத்தம் இல்லன்னா யாரு? பொண்டாட்டிதான். குவைத்துல ஆம்பள எட்டு வருஷம் இருந்தான், இங்க இவ இன்னா செஞ்சாளோன்னு ஆரம்பிப்பாங்க. அப்டி பேசறவங்க எங்க தெருவுலயே நாலு பேரு கீறாங்க.

ஆமா, உங்க ஊர்லயும் இருப்பாங்க. அதனாலதான நீங்களும் நிறுத்திக்கீறீங்க. உன்னை எதுக்கு நான் கொறை சொல்லப் போறேன்.

எங்களுது ஆறு நாளு, மாத்திரை இல்லாம. கிருத்திகை அன்னிக்கி கன்னத்துல இந்தப் பக்கம் வேலு போயி அந்தப் பக்கம் வந்துச்சி. ஒரு சொட்டு ரத்தம்கூட வரல. ஒரு சொட்டு. பம்பை அடிக்கறாங்க, ஜனம் அரோகரான்னுது, எங்க அத்தை என் கைய புடிச்சிக்கினாங்க. கல்யாணம் ஆயி அன்னிக்கிதான் என்னைப் பெருமையா பாத்தாங்க. நானும் தலைய நிமித்திக்கினு நடந்தேன் கோயில் மலை பூரா.

மூணாம் நாளு காலைல களி துன்னுக்கினு இருந்தவரு, தட்டை தள்ளி வச்சிட்டு, கொஞ்சம் விசிறி எடுத்துக்கினு வான்னாரு. கரண்டு இல்ல. நாகையா அண்ணன் ஆட்டோ வந்துச்சி, அப்பால ஆம்புலன்சு வந்துச்சி. அதே ஆஸ்பத்திரி, அதே லைட்டு. அதே டாக்டர் வெளில வந்து என்னை உள்ள கூப்ட்டு டிவில படம் போட்டு காட்டினாரு. ஸ்டென்ட்டு வச்ச எடத்துலயே கீதும்மா, நல்லா விரிஞ்சி கீது, அதுக்கு ஒண்ணியும் ஆவல, உள்ள ரத்தம்தான் கட்டிக்கினு கீதுன்னாரு. மாத்திரைய நிறுத்தினீங்களான்னு கேட்டாரு. குனிஞ்சி என் கால் செருப்பையே பாத்துக்கினு இருந்தேன்.

பொட்டு வச்சிக்கினு கீறேனேன்னு பாக்கறியா? பாப்பா ஒட்டி வுடறதுக்கா. எடுத்தா அழுவுது. ஊர்ல எடுத்துடுவேன், பஸ்ஸுல யாரு பாக்கப் போறாங்கன்னு வுட்டுட்டேன். பதினோரு மாசம் ஆவுது. இன்னிக்கி திருப்பதிக்கு வந்தது அவரு இறப்பு சர்டிபிகேட்டுக்குதான். திருவேங்கடம்ன்ற பேர்ல ஒரு எழுத்த வுட்டுட்டாங்க, இது மூணாவது வாட்டி. அடுத்த வாரம் வான்னுக்கீறாங்க. வரணும்.

அழுவாத. நீ இன்னாத்துக்கு அழுவறே. எனக்கே வரல.

ஊர்ல எல்லாரும் வச்ச கம்பி சரியில்ல, ஆஸ்பத்திரில ஏமாத்திட்டாங்கன்னுதான் பேசிக்கறாங்க. எங்க அத்தையும் அதான் சொல்றாங்க. நான் சோறு போட்டுக்கினு இருப்பேன். கம்பி நல்ல கம்பிக்கா. அவரு அந்த ஆறு நாளும் சாயங்காலமானா கைய நீட்டி, மாத்திரை எங்கடின்னு கேட்டாரு. நிறுத்தலாமான்னு நான் அவர கேக்கவே இல்ல. கடையில ஸ்டாக்கு இல்ல, புதன்கிழமை வருதாம்னு சொன்னேன். மாத்திரை அரிசி டப்பால இருந்துச்சி. சரின்னுட்டு கைய மடக்கிக்கினாரு. இதை யார்கிட்டயும் சொல்லல. உன்கிட்டதான் சொல்றேன், உன் பேரு கூட எனக்கு தெரியாது.

புத்தூர் வந்துடுச்சி, இங்க பத்து நிமிஷம் நிப்பாங்க. அண்ணன் பின்னால மஞ்ச துணியோட தூங்கறாரு பாரு, எழுப்பி இப்டி வர சொல்லு, நான் எழுந்து எடம் குடுக்கறேன். ரெண்டு இட்லி வாங்கியாந்து துன்ன வை. விரதம்னுவாரு, சொன்னா சொல்லட்டும். முருகனுக்கு பால் குடம் தூக்கினாலும் கணக்குதான், அதை நாளைக்கி பேசிக்கலாம். டாக்டருக்கு ஒரு போன் போட்டு நாலு நாளு வுட்டுட்டோம், இன்னா செய்யணும்னு கேளு, நீ பேச பயமா இருந்தா என்கிட்ட குடு. அந்த மாத்திரைய மட்டும் இப்பவே, என் கண்ணெதிர்ல அவரு கைல குடுத்துடுக்கா.